வேலை செய்யக்கூடிய புரதத்தைச் செடி தானே ஏன் அழிக்கிறது?

அரளி_யீஷூன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் உயிரியல் கடைசி ஆண்டு படிக்கிறேன், ஆய்வுத் திட்டம் அரபிடோப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியில். ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் தமிழ்ப் பேரவை நடத்தும் நிகழ்ச்சியில் இந்த வேலையைப் பற்றித் தமிழில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் அறிவியல் படிக்காதவர்கள், ஆனால் கேள்வி கேட்கத் தயங்காதவர்கள். அவர்கள் நிச்சயம் கேட்கப்போகிற ஒன்றை முதலில் நான் இங்கே கேட்டுவிடுகிறேன்.

நான் வளர்ப்பது பிஆர்ஐ1-9 என்கிற குள்ளச் செடி. செடி நீண்டு வளர பிராசினோஸ்டீராய்டு என்ற ஹார்மோன் வேண்டும். அதை உணரும் ஏற்பிப் புரதம்தான் பிஆர்ஐ1, செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும். இந்தக் குள்ளச் செடியில் அந்தப் புரதத்தின் 662ஆவது இடத்தில் செரீனுக்குப் பதிலாக ஃபினைல்அலனின் வந்துவிட்டது. புரதச் சங்கிலியின் கண்ணிகளான 1,196 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது, அதற்கே இலையெல்லாம் கரும்பச்சையாகச் சுருண்டு செடி தரையோடு தரையாக நின்றுவிடுகிறது.

ஏற்பி கெட்டுப்போனதால் குள்ளம் என்றால் கேள்வியே இல்லை. ஆனால் அது கெட்டுப்போகவில்லை! 2007இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று இதே செடியில் யூஜிஜிடி என்ற இன்னொரு புரதத்தின் மரபணு பழுதானதும், அதே மாறிய ஏற்பி வெளிச்சவ்வுக்குப் போய்ச் சேர்ந்து, ஹார்மோனை உணர்ந்து, செடி ஏறக்குறைய வழக்கம்போல் வளர்வதைக் காட்டியது. அப்படியென்றால் அந்த ஏற்பி வேலை செய்யும் நிலையில்தான் இருந்திருக்கிறது, செல்லே அதை உள்ளே பிடித்து வைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

தவறாக மடிந்த புரதம் ஆபத்து, அதனால் செல் அழிக்கிறது என்று பாடத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். இங்கே ஆபத்து எங்கே இருக்கிறது? தன் வளர்ச்சியையே பலி கொடுத்து ஒரு செடி ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? யாராவது பொறுமையாக விளக்கினால் பெரிய உதவி.


வேர்க்கால் எழுதியது:

அரளி, அருமையான கேள்வி. தாவர ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் இருந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறது: செல்லுக்குள் சோதிக்கிறவர்களுக்கு (அவையும் புரதங்கள்தான்) அந்தப் புரதம் என்ன வேலை செய்யும் என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வடிவத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வெளிச்சவ்வுக்கோ செல்லுக்கு வெளியிலோ போகவேண்டிய புரதம் எதுவானாலும் முதலில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், அதாவது ஈஆர் என்று நாம் சுருக்கிச் சொல்கிற அறைக்குள் நீளச் சங்கிலியாக நுழைகிறது. நுழையும்போதே அதன் மேல் 14 சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு கிளை ஒட்டப்படும், பிஆர்ஐ1 போன்ற பெரிய ஏற்பியில் பல இடங்களில். அந்தக் கிளையின் நுனியில் மூன்று குளுக்கோஸ். முதல் இரண்டையும் நொதிகள் வெட்டியதும் ஒன்று மட்டும் மிஞ்சும், அந்த ஒற்றைக் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு கால்நெக்சின், கால்ரெட்டிகுலின் என்ற துணைப்புரதங்கள் மடிவதற்கு உதவும். அப்புறம் கடைசிக் குளுக்கோஸும் வெட்டப்பட்டுப் புரதம் விடுபடும். சரியாக மடிந்திருந்தால் கிளம்பிப் போய்விடலாம். மடியவில்லை என்றால்தான் உங்கள் யூஜிஜிடி வருகிறது. உள்ளே மறைந்திருக்கவேண்டிய, தண்ணீரை விரும்பாத பகுதிகள் வெளியே தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் மறுபடி ஒரு குளுக்கோஸை ஒட்டி, திரும்பப் போய் மடி என்று அனுப்பிவிடும். இந்தச் சுற்று பல தடவை நடக்கும்.

எத்தனை சுற்று என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. புரதம் உள்ளே தங்கத் தங்க, வேறு நொதிகள் அந்தச் சர்க்கரைக் கிளையில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரைகளை மெதுவாக நறுக்கிக்கொண்டே இருக்கும். ரொம்ப நேரம் தங்கிய புரதத்தில் ஒரு குறிப்பிட்ட மேனோஸ் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதை ஓஎஸ்9 என்ற புரதம் அடையாளம் கண்டு ஹெச்ஆர்டி1 என்ற நொதியிடம் கொண்டுசேர்க்கும், அது அழிக்கவேண்டியது என்பதற்கு அடையாளமாக யுபிக்விட்டினை ஒட்டும், சிடிசி48 என்ற இன்னொரு புரதம் சவ்விலிருந்து இழுத்து வெளியே எடுக்கும், புரதங்களை உடைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் துண்டுதுண்டாக வெட்டிவிடும். கடிகாரமும் அந்தச் சர்க்கரைக் கிளைதான், தீர்ப்பும் அதுதான்.

இப்போது உங்கள் பிஆர்ஐ1-9. ஒரு சிறிய அமினோ அமிலம் இருந்த இடத்தில் பெரிய, எண்ணெய்த்தன்மை கொண்ட ஒன்று வந்து உட்கார்ந்ததும் வடிவத்தில் ஏதோ ஒரு மூலை சரியாகப் படியவில்லை. ஹார்மோனைப் பிடிக்கும் திறன் போகவில்லை. ஆனால் யூஜிஜிடிக்குத் தெரிவது அந்தப் படியாத மூலை மட்டும்தான். செல் உருவாக்கும் புரத வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது, ஆயிரக்கணக்கான வகைகள், ஒவ்வொன்றின் வேலையும் வேறு. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது நடக்காத காரியம், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பார்க்கக்கூடியது வடிவம் ஒன்றுதான்.

ஆபத்து எங்கே என்று கேட்டீர்கள். இந்த ஒரு ஏற்பியை மட்டும் பார்த்தால் ஆபத்து இல்லைதான். ஆனால் ஹார்மோனைப் பிடிக்க முடிந்தும், செய்தியை உள்ளே கடத்த முடியாத ஒரு பிஆர்ஐ1 வெளிச்சவ்வுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? பிஆர்ஐ1 தனியாக வேலை செய்வதில்லை, பிஏகே1 என்ற கூட்டாளியோடு சேர்ந்துதான் செய்கிறது. அந்தக் கூட்டாளியைப் பாக்டீரியாவை உணரும் ஏற்பிகளும் பயன்படுத்துகின்றன. உருப்படாத ஏற்பி கூட்டாளியைப் பிடித்து வைத்துக்கொண்டால் நல்ல ஏற்பிகளுக்கும் வேலை நடக்காது. செயலற்ற பிஆர்ஐ1ஐ அளவுக்கு அதிகமாக உண்டாக்கினால், நல்ல பிஆர்ஐ1 இருக்கும் செடியும் குள்ளமாவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்று, இதை உங்கள் பேச்சில் கட்டாயம் சேருங்கள். யூஜிஜிடி இல்லாவிட்டால் உங்கள் குள்ளச் செடி வளர்கிறது, சரி. அப்படியானால் எல்லாச் செடியிலும் அதை எடுத்துவிடலாமே? 2009இல் வந்த பல ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்லின. இஎஃப்ஆர் என்று ஓர் ஏற்பி, பாக்டீரியாவின் ஒரு புரதத்தை உணர்ந்து எதிர்ப்பைக் கிளப்புவது. அது சரியாக மடிய யூஜிஜிடியும் கால்ரெட்டிகுலின் மூன்றாம் வகையும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத செடியில் இஎஃப்ஆர் சரியாகச் சேர்வதில்லை, பாக்டீரியா எளிதில் தாக்குகிறது. அதாவது உங்கள் பிஆர்ஐ1-9ஐப் பிடித்து வைக்கும் அதே இயந்திரம்தான், மடியத் திணறும் இன்னொரு ஏற்பிக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கிறது. கறார்த்தனம், உதவி இரண்டையும் ஒரே நொதிதான் செய்கிறது, ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும்.

உடைக்கும் பக்கத்தைத் தடுத்தாலும் இதே கதைதான். ஓஎஸ்9, ஹெச்ஆர்டி1இன் கூட்டாளியான ஹெச்ஆர்டி3 போன்றவை பழுதான பிஆர்ஐ1-9 செடிகளில் ஏற்பி உள்ளே குவிந்து, பிடித்து வைப்பவர்களுக்குக் கைமீறிப்போய், கொஞ்சம் வெளியே தப்பிச் செடி வளர்கிறது. ஆனால் ஹெச்ஆர்டி3 இல்லாத செடி உப்பு மண்ணைத் தாங்குவதில்லை. வசதியாக ஆய்வறையில் வளரும் செடிக்குத் தெரியாத விலை, வெளியே கஷ்டத்தில் வளரும் செடிக்குத் தெரியும்.


துவாஸ்_இரவுப்பணி எழுதியது:

செடி பற்றி எனக்கு அதிகம் தெரியாது, துவாஸ் பக்கம் மருந்துப் புரதம் தயாரிக்கும் ஆலையில் வேலை. ஆனால் வேர்க்கால் அக்கா சொன்னதைப் படிக்கும்போது எங்கள் தொட்டிகளுக்குள் நடப்பதையே படிப்பதுபோல் இருந்தது, ஏனென்றால் நாங்கள் வளர்க்கும் வெள்ளெலி செல்களிலும் இதே கால்நெக்சின், இதே யூஜிஜிடி, இதே புரோட்டியசோம். செடிக்கும் விலங்குக்கும் பொதுவான மூதாதைச் செல்லிலேயே இது இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் செல் நன்றாகப் பெருகியதும் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 33க்கோ 32க்கோ இறக்குவது பல இடங்களில் வழக்கம். செல் பெருகுவது மெதுவாகும், ஒவ்வொரு செல்லும் தரும் புரதம் பெரும்பாலும் கூடும்.

அப்புறம் உங்கள் பேச்சுக்கு உதவும் ஒரு மனிதக் கதை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய், நுரையீரலில் சளி கெட்டியாகிவிடும். நம் பக்கம் அரிது, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். அதற்கு மிகப் பரவலான காரணம் சிஎஃப்டிஆர் என்ற புரதத்தில் 508ஆவது ஃபினைல்அலனின் விடுபட்டுப்போவது. அந்தப் புரதமும் ஈஆரிலேயே பிடிபட்டு உடைக்கப்படுகிறது, சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான்! 1992இல் செல்களைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தபோது கொஞ்சம் வெளியே போவதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டில் எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர் இரண்டும் அந்தப் புரதம் சரியாக மடிய உதவிச் சோதனையைத் தாண்ட வைப்பவை, மூன்றாவது அது சவ்வில் திறந்திருக்க உதவுவது. கவனியுங்கள், சோதனையைத் தளர்த்தவில்லை, புரதத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். சோதனையையே நிறுத்தியிருந்தால் அந்த நோயாளியின் மற்ற எல்லாப் புரதமும் அல்லவா சோதனை இல்லாமல் போயிருக்கும். உங்கள் கேட்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன்.


அரளி_யீஷூன் எழுதியது:

வேர்க்கால் அக்கா, துவாஸ் அண்ணா, ரொம்ப நன்றி. இஎஃப்ஆர் விஷயத்தை என் பேச்சின் நடுவிலேயே வைக்கப்போகிறேன், குள்ளச் செடிப் படத்துக்குப் பக்கத்தில். 

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒன்று வெப்பம். எங்கள் செடிகள் 22 டிகிரி அறையில் வளர்கின்றன, கதவுக்கு வெளியே 32. பக்கத்து மேசையில் ஒருவர் வைத்திருக்கும் பிஆர்ஐ1-301 என்ற செடி 22இல் லேசான குள்ளம், 29இல் வைத்தால் படுகுள்ளம். என்னுடைய பிஆர்ஐ1-9க்கும் அதே காரணமா? சிங்கப்பூர் வெயிலில் வளரும் சாதாரணச் செடிகளின் செல்லுக்குள் இந்தத் தரச்சோதனை எப்போதும் திணறிக்கொண்டேதான் இருக்குமா?

இன்னொன்று கைவேலை. ஈஆரில் உள்ள நிலையிலான சர்க்கரைக் கிளையை மட்டும் வெட்டும் எண்டோ ஹெச் நொதியோடு புரதத்தை வைத்து, புரதத்தை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டினால் பிஆர்ஐ1-9 பட்டை முழுதாகக் கீழே இறங்குகிறது, சாதாரணச் செடியின் பிஆர்ஐ1 அந்த அளவு இறங்குவதில்லை. இது புரிகிறது. ஆனால் பிஎன்கேஸ் எஃப் எல்லாச் சர்க்கரைக் கிளையையும் வெட்டும் என்று நொதியின் கையேட்டில் இருக்கிறது, அதைப் போட்டபோது பிஆர்ஐ1-9 இறங்கியது, சாதாரணச் செடியினுடையது சரியாக இறங்கவில்லை. திரும்ப ஓட்டினாலும் அதேதான்.


புக்கிட்பாத்தோக்_ஆசிரியர் எழுதியது:

வெப்பத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தொடக்கக் கல்லூரியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், இப்போது வீவக (அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் பசலைக் கீரையும் வளர்க்கிறேன்.

முதலில் பிஆர்ஐ1-301க்கும் உங்கள் செடிக்கும் உள்ள வேறுபாடு. அதில் மாறியிருப்பது 989ஆவது இடம், ஏற்பியின் கைனேஸ் பகுதி, அதாவது செய்தியைக் கடத்தும் பகுதி, அது சைட்டோசால் பக்கம், அதாவது ஈஆருக்கு வெளியே உள்ள செல்திரவத்தின் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது. ஈஆரின் உள்ளே இருக்கும் யூஜிஜிடிக்கு அந்தப் பகுதி கண்ணில் படவே படாது. 29 டிகிரியில் அந்தப் புரதத்தின் அளவு குறைந்துபோகிறது என்பது தெரிந்த விஷயம். ஆக இரண்டும் குள்ளம்தான், இரண்டுமே மடிப்புக் கோளாறுதான், ஆனால் பிடிபடுவது சவ்வின் எதிரெதிர்ப் பக்கங்களில். உங்கள் மேடையில் இதைச் சொல்ல நேரம் இருக்காது, ஆனால் யாராவது கேட்டால் கையில் இருக்கட்டும்.

திணறிக்கொண்டே இருக்குமா என்றால், இல்லை. ஒவ்வொரு செடிக்கும் அதன் வழக்கமான வெப்பத்துக்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 22இல் வளர்ந்த அரபிடோப்சிஸுக்கு 37, 38 என்பது அதிர்ச்சி. இங்கேயே பிறந்து வளர்ந்த செடிக்கு 32 அன்றாடம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாளில் சிமெண்டுத் தரையில் வைத்த தொட்டியில் வேர் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெப்பம் ஏறும்போது சைட்டோசாலில் வேலைக்கு வருவது ஈஆர் கூட்டம் இல்லை, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். சின்னவை பல வகை உண்டு, விலங்குகளைவிடச் செடிகளில் இவை மிகுதி, நிழல் தேடி ஓட முடியாத உயிர் வேறு என்ன செய்யும். அவை அவிழ்ந்துபோன புரதங்களைப் பற்றிக்கொண்டு கட்டி சேராமல் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறிக் கட்டியாகிவிட்டால் எச்எஸ்பி101 என்ற பெரிய வெப்ப அதிர்ச்சிப் புரதம் வரும். கட்டியிலிருந்து ஒவ்வொரு சங்கிலியாக இழுத்துப் பிரித்து, எச்எஸ்பி70 என்ற இன்னொன்றின் கையில் கொடுத்துத் திரும்ப மடிய வைக்கும். அழிக்காமல் மீட்டெடுப்பது! அரபிடோப்சிஸை 38 டிகிரியில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டால், அடுத்து 45 டிகிரியைத் தாங்கிவிடும். எச்எஸ்பி101 பழுதான செடியை எவ்வளவு பழக்கினாலும் 45இல் செத்துப்போகும். 2000ஆம் ஆண்டு வாக்கில் இதை உறுதியாகக் காட்டினார்கள். பகலில் வெயில் படிப்படியாக ஏறுவதே வெளியே நிற்கும் செடிக்கு அந்தப் பழக்கம், குளிர்சாதன அறையிலிருந்து தொட்டியை எடுத்து நேரே நண்பகல் வெயிலில் வைப்பவர்கள் அந்த வாய்ப்பைச் செடிக்குக் கொடுப்பதில்லை.

பசுங்கணிகத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒளிச்சேர்க்கையில் டி1 என்று ஒரு புரதம், வெளிச்சம் படப் படச் சேதமாகிக்கொண்டே இருக்கும். அதில் தவறான மடிப்பு எதுவும் இல்லை, தன் வேலையைச் செய்வதாலேயே அடிபடுகிறது. எஃப்டிஎஸ்ஹெச் என்ற நொதி அந்தச் சேதமான துண்டை மட்டும் வெட்டி எடுக்க, புதியது அதே இடத்தில் பொருத்தப்படும். கடும் வெயிலில் மணிக்கணக்கு வேகத்தில் இது நடந்துகொண்டே இருக்கிறது. பாக்டீரியா வகைப் புரத உற்பத்தியைத் தடுக்கும் லின்கோமைசின் மருந்தை இலைக்குக் கொடுத்து வெளிச்சத்தில் வைத்தால், புது டி1 வராமல் ஒளிச்சேர்க்கை மளமளவென்று சரிவதைப் பார்க்கலாம். எஃப்டிஎஸ்ஹெச் வகைகளில் ஒன்றான இரண்டாம் வகை பழுதான அரபிடோப்சிஸில் இலை பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக வரும். தாழ்வாரத்தில் வரியோடிய இலைச்செடிகளைப் பெரிய விலைக்கு வாங்கி வளர்ப்பவர்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள், அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஆனால் கடையில் விற்கும் எல்லா வெள்ளைத் திட்டுக்கும் இதுவே காரணம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இலை வெளுப்பதற்குக் காரணங்கள் பல.


அரளி_யீஷூன் எழுதியது:

ஐயா, அந்த வெயில் பழக்கம் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பயன்படும், நன்றி. ஈஆரில் திரும்பத் திரும்ப அனுப்பியும் மடியாமல் குவிந்தால் செல் அதை எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதையும் ஒரு வரியில் சொல்ல முடியுமா?


வேர்க்கால் எழுதியது:

ஈஆருக்குள் பிஐபி என்ற துணைப்புரதம் எப்போதும் கைவசம் இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் அது பிஸிப்28 என்ற புரதத்தைப் பிடித்து ஈஆரிலேயே நிறுத்தி வைத்திருக்கும். மடியாத சங்கிலிகள் குவிந்ததும் பிஐபி அங்கே போய்விடும், பிஸிப்28 விடுபட்டு, ஈஆருக்கு அடுத்த நிலையமான கோல்கிக்குப் போய் வெட்டுப்பட்டு, அதன் முன்பகுதி நியூக்ளியஸுக்குள் நுழைந்து இன்னும் பிஐபி செய், இன்னும் துணைப்புரதம் செய் என்று மரபணுக்களை முடுக்கிவிடும். கூடவே ஐஆர்இ1 என்ற இன்னொரு காவல் பிஸிப்60 என்பதன் ஆர்என்ஏவிலிருந்து 23 எழுத்தை வெட்டி எடுத்து அதையும் செயல்பட வைக்கும். உங்கள் செடியில் இது நடக்கிறதா என்று பார்க்க அந்த 23 எழுத்து வித்தியாசத்தைப் பிசிஆரில் பிடிக்கலாம், டூனிகாமைசின் கொடுத்த நாற்று ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டூனிகாமைசின் சர்க்கரைக் கிளை ஒட்டுவதையே தடுப்பதால் கட்டாயம் நடக்கும்.

இனி உங்கள் பிஎன்கேஸ் எஃப். நொதியும் சரி, உங்கள் கையும் சரி, வரவேண்டியதுதான் வந்திருக்கிறது. கையேடு எழுதுபவர்கள் பெரும்பாலும் விலங்குப் புரதத்தை மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். செடியில் புரதம் கோல்கியைக் கடக்கும்போது சர்க்கரைக் கிளையின் அடியில் ஃபியூக்கோஸ் ஒன்று ஆல்ஃபா 1,3 பிணைப்பில் சேரும், பாலூட்டிகளில் அந்த இடத்தில் இந்தப் பிணைப்பு கிடையாது. அது இருந்தால் பிஎன்கேஸ் எஃப் வெட்டாது. சாதாரணச் செடியின் பிஆர்ஐ1 கோல்கியைத் தாண்டி வந்திருக்கிறது, அதனால் வெட்டுப்படவில்லை. உங்கள் பிஆர்ஐ1-9 ஈஆரிலேயே நின்றுவிட்டது, ஃபியூக்கோஸ் சேரவில்லை, வெட்டுப்பட்டது. ஏற்பி எங்கே நிற்கிறது என்பதற்கு எண்டோ ஹெச் ஒரு சாட்சி, இது இரண்டாவது சாட்சி, இரண்டையும் ஒரே படத்தில் போடுங்கள்.

பிஎன்கேஸ் ஏ வாங்கச் சொல்லி யாராவது சொல்வார்கள், அது ஃபியூக்கோஸ் இருந்தாலும் வெட்டும் என்பது உண்மைதான், ஆனால் துண்டாக்கிய பெப்டைடில்தான் நன்றாக வேலை செய்யும், பிஆர்ஐ1 மாதிரி பெரிய முழுப் புரதத்தில் மந்தம். அந்தக் காசுக்கு சிஜிஎல்1 என்ற மரபணு மாறிய அரபிடோப்சிஸின் விதை கேட்டு வாங்கி வளருங்கள். அந்தச் செடியில் கோல்கியின் முதல் சர்க்கரை மாற்றமே நடக்காது, ஏற்பி சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தும் எண்டோ ஹெச் முழுதாக வெட்டும். அதை உங்கள் இரண்டு செடிகளுக்குப் பக்கத்தில் ஓட்டினால், பட்டை எவ்வளவு தூரம் இறங்கினால் முழுதாக இறங்கியது என்று சொல்ல உங்களிடம் அளவுகோல் இருக்கும். விதை முளைத்துப் பிளாட் போட ஐந்தாறு வாரம் ஆகும், ஏப்ரலுக்குள் வேண்டும் என்றால் இந்த வாரமே உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள்.